துப்பாக்கி வாரும் ஒரு பழைய புகாரும்

2024 ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாரீஸ் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 50 மீட்டர் ரைபிள், மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. நம் நாட்டிலிருந்து கோலாப்பூர் மாவட்டத்துக்காரரான ஸ்வப்னில் குசாலே. ரயில்வேயில் டிக்கெட் கலெக்டராகச் சேர்ந்தவர் என்று வர்ணனையில் சொன்னதும், பொன்மலைப் பக்கம் குடியிருந்த எங்களுக்கெல்லாம் அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

வீட்டில் எல்லோரும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண் வேறிடத்தில் நின்றுவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்திருந்த அவருடைய ரைபிளின் முன்பகுதியிலிருந்து ஒரு பட்டையான வார் கிளம்பி, ரைபிளைத் தாங்கும் கையின் மேல்பகுதியைச் சுற்றி இறுகியிருந்தது. அவருக்கு மட்டுமல்ல, அங்கே இருந்த எட்டுப் பேருக்கும் அப்படித்தான். அடுத்துப் படுத்துச் சுட்டபோதும் வார் இருந்தது. நடுவர் யாரும் வந்து அதைக் கழற்றச் சொல்லவில்லை.

"என்ன, முகமே மாறிடுச்சு? பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். போட்டிருந்தேன். ஆனால் 58 வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஒன்று அப்போதுதான் தொண்டையில் வந்து நின்றது.

1966ல் நான் திருச்சியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சீன யுத்தத்துக்குப் பிறகு கல்லூரிப் பையன்களுக்கு என்.சி.சி. கட்டாயம் என்று ஆக்கியிருந்த காலம். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கஞ்சி போட்ட காக்கி அரை டிராயரும், பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்கும் மறந்திருக்காது. கட்டளைகளெல்லாம் இந்தியில். அது தனிக் கதை. 1968ல் சட்டசபைத் தீர்மானம் வரைக்கும் போயிற்று.

அந்த வருஷம் ஒரு துப்பாக்கி சுடும் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து அணி எடுத்தார்கள். .22 ரைபிள், 25 கஜ தூரம், படுத்த நிலையில் 5 குண்டு. ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் கணக்கு. அதற்கு 'குரூப்பிங்' என்று பெயர். மற்ற இடங்களுக்கு ஆள் தேறிவிட்டார்கள். கடைசி இடத்துக்கு நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் மிச்சம். பெயர் வேண்டாம், இதைப் படிக்கிற பலருக்கு அவனைத் தெரியும். அவனுடைய அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் இருந்தவர். திரும்பி வந்து பொன்மலையில் வேலை பார்த்தார்.

நான் முதலில் சுட்டேன். ஐந்து ஓட்டைகளையும் என் உள்ளங்கையால் மூடலாம். மோசமில்லை என்றார் ஹவில்தார். அடுத்து அவன் படுத்தான். படுத்தவன் ரைபிளில் தொங்கிக்கொண்டிருந்த கித்தான் வாருக்குள் இடது கையை நுழைத்து, ஒரு முறுக்கு முறுக்கி, வாரைப் புறங்கை மேல் கொண்டுவந்து முன்கட்டையைப் பிடித்தான். வார் விண்ணென்று நின்றது. ஐந்து குண்டும் சுட்டான். டார்கெட் வந்தபோது ஐந்து ஓட்டைகளையும் பழைய ஒரு ரூபாய்க் காசு மூடியது.

நான் பொறுப்பில் இருந்த ஆசிரியரிடம் போய், "சார், அவன் ரைபிளைக் கையோட கட்டிக்கிட்டு சுட்டான். அது சப்போர்ட். செல்லாது" என்று சொன்னேன். அவர் பாடம் நடத்துகிறவர், துப்பாக்கி அவருக்குக் கூடுதல் பொறுப்பு. யோசித்தார். ஹவில்தார் ஏதோ மெதுவாகச் சொல்லப் பார்த்தார், அது எடுபடவில்லை. அவன் சுட்டது செல்லாது, வார் இல்லாமல் மறுபடி சுடு என்று உத்தரவாயிற்று. மறுபடி சுட்டான். கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. ஐந்தில் ஒன்று தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. அணிக்கு நான் போனேன். போன இடத்தில் என் குண்டுகளில் ஒன்று பக்கத்துக்காரர் டார்கெட்டில் விழுந்தது. எங்கள் கல்லூரிக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு பேங்க் வேலை. 36 வருஷம் நான் பார்த்த ஒரே துப்பாக்கி, எங்கள் கிளை வாசலில் காவலர் தோளில் தொங்கிய இரட்டைக் குழல்தான். அதிலும் வார் இருந்தது. ஆனால் அவர் அதைத் தோளில் மாட்டத்தான் வைத்திருந்தார், நானும் வார் என்றால் அதற்குத்தான் என்றே நினைத்திருந்தேன். குசாலேயைப் பார்த்த பிறகுதான் வாரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என் புகார் நியாயமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

வார் பிறந்தது தூக்குவதற்குத்தான், அதில் சந்தேகமில்லை. 18ஆம் நூற்றாண்டு மஸ்கட் துப்பாக்கிகளிலேயே வார் மாட்ட இரண்டு வளையங்கள் இருந்தன. அந்தத் துப்பாக்கியில் குறிபார்ப்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை. குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும், குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். வரிசையாக நின்று கும்பலைப் பார்த்துச் சுடுவார்கள். கை கொஞ்சம் ஆடினால் என்ன கெட்டுவிடும்?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் குழலுக்குள் திருகு மறை வெட்டிய ரைபிள் படைகளுக்குப் பரவலாக வந்தபோது நிலைமை மாறியது. 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளை நமக்குத் தெரியும். 1857ல் கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரம் வெடித்ததே, அந்தத் துப்பாக்கிதான். அதில் 900 கஜம் வரை தூரம் குறித்த குறிசட்டம் இருந்தது. துப்பாக்கி அவ்வளவு தூரம் போகும் என்றானதும், ஆடுகிற கைதான் குறை என்று ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் 1859ல் தேசிய ரைபிள் சங்கம் தொடங்கி, அடுத்த வருஷம் ஜூலை 2ஆம் தேதி விம்பிள்டனில் முதல் போட்டி நடத்தினார்கள். தொடங்கி வைத்தவர் விக்டோரியா மகாராணி. விட்வொர்த் என்ற பொறியாளர் தன் ரைபிளை ஒரு இரும்புத் தாங்கியில் பொருத்தி, குறியையும் வைத்துக் கொடுத்துவிட்டார். ராணி செய்தது, விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை இழுத்தது மட்டும். 400 கஜத்தில் குண்டு நடுமையத்துக்கு ஒன்றேகால் அங்குலம் பக்கத்தில் விழுந்தது. ராணி என்பதால் யாரும் புகார் கொடுக்கவில்லை!

மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதற்கு 1874ல் நடந்த ஒரு போட்டி நல்ல உதாரணம். அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் நியூயார்க்குக்குப் பக்கத்தில் கிரீட்மூர் என்ற இடத்தில் மோதின. ஒரு பக்கத்துக்கு 6 பேர். 800, 900, 1,000 கஜம், ஒவ்வொரு தூரத்துக்கும் ஆளுக்கு 15 குண்டு. எப்படி வேண்டுமானாலும் படு, உட்கார், நில். ஆனால் செயற்கைத் தாங்கல் கூடாது. அக்காலத்து நெடுந்தூரச் சுடுவோரில் பலர் மல்லாந்து படுத்து, காலை டார்கெட் பக்கம் நீட்டி, தங்கள் கால்மேலேயே குழலைச் சாய்த்துச் சுட்டார்கள். படத்தில் பார்த்தால் ஈசிசேரில் தூங்குகிறவர் போலத்தான் தெரியும். அது தப்பில்லை, ஏனென்றால் அது அவருடைய சொந்தக் கால். மண் மூட்டையோ மரக்கட்டையோ வைத்தால் தப்பு.

அமெரிக்கா 934, அயர்லாந்து 931 என்று முடிந்தது. கடைசிக் குண்டைச் சுட வேண்டிய கர்னல் போடீன், சற்று முன்புதான் இஞ்சி பீர் பாட்டில் உடைந்து கையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து நடுமையத்தில் அடித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. அயர்லாந்து அணியில் மில்னர் என்பவர் ஒரு அருமையான குண்டை நடுமையத்தில் போட்டார், பக்கத்து டார்கெட்டில். அதற்கு 4 புள்ளி வந்திருக்கும், ஜெயித்திருப்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு முன்னோர் இருக்கிறார் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தூக்குகிற வாரைச் சுடுவதற்கென்றே திட்டமிட்டுச் செய்தவர்கள் அமெரிக்கர்கள். 1907ல் அவர்கள் ராணுவம் ஒரு தோல் வாரை ஏற்றுக்கொண்டது. ஒன்றேகால் அங்குல அகலம், நீளம் ஒன்று குட்டை ஒன்று என இரண்டு துண்டுகள், ஜோடி ஜோடியாகத் துளைகள், பித்தளைக் கொக்கிகள். கொக்கியை மாற்றி மாட்டினால் முன்பாதி தனி வளையமாகிவிடும். அந்த வளையத்துக்குள் கையை விட்டு, அக்குளுக்குக் கீழே மேல்கையில் இறுக்கிக்கொள்வார்கள். அமெரிக்க மரீன் படையில் புது ஆள்கள் முதலில் நாள்கணக்கில் ஒரு குண்டுகூடச் சுடாமல், வாரைக் கட்டிப் படுத்து வெறும் விசையை இழுத்துப் பழக வேண்டும். அதே 1907 மாடலை இன்றைக்கும் போட்டிக்காரர்கள் வாங்குகிறார்கள். இன்னொரு அவசர முறையும் உண்டு. தொங்குகிற வாருக்குள் கையை நுழைத்து ஒரு சுற்று சுற்றிக்கொள்வது. என் தோழன் அன்று செய்தது அதைத்தான்.

அந்த வார் என்னதான் செய்கிறது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நுனி ஆட ஆரம்பிக்கும். தசை என்பது இழுத்து இழுத்து விடுகிற சமாசாரம், ஒரே அளவில் இழுத்துக்கொண்டு நிற்க அதற்குத் தெரியாது. .303 ரைபிள் ஏறக்குறைய 4 கிலோ, எங்கள் .22 பயிற்சி ரைபிளும் அந்த எடைக்குப் பக்கத்தில்தான். பின்குறிக்கும் முன்குறிக்கும் நடுவே அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 25 கஜத்தில் குண்டு கிட்டத்தட்ட 2 அங்குலம் தள்ளிப் போகும். ஒலிம்பிக்ஸில் 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் 10 புள்ளி வளையத்தின் குறுக்களவோ 10.4 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு.

படுத்தவன் முழங்கை தரையில் ஊன்றியிருக்கிறது. முன்கை எலும்பு மேலே நிமிர்ந்து ரைபிளைத் தாங்குகிறது. ஆனால் முழங்கை மூட்டு மடங்கப் பார்க்கும், ரைபிளின் எடை அதை விரிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் தசை வேலை செய்கிறது. இப்போது மேல்கையிலிருந்து ரைபிளின் முன்கட்டைக்கு ஒரு வாரை இழுத்துக் கட்டிவிட்டால், மேல்கை, முன்கை, வார் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். கூரைக்குக் கைமரம் போடும் ஆசாரியைக் கேளுங்கள், முக்கோணம் அசையாது என்பார். வார் இழுவையை வாங்கிக்கொள்கிறது, எலும்பு எடையை வாங்கிக்கொள்கிறது, தசைக்கு வேலை இல்லை. சரியாகக் கட்டினவன் இடது கை விரல்களை விரித்துக் காட்டுவான், ரைபிள் அங்கேயே இருக்கும்.

இதில் பாடுபட வேண்டிய இடங்களும் உண்டு. வாரைக் கையின் நடுவில் கட்டினால் அங்கே ஓடும் நாடி வாரில் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்குறி எகிறும். அதனால் நாடி அழுந்தாத இடம் பார்த்து மேலே கட்ட வேண்டும். அடுத்தது, வார் இழுத்த திசையிலேயே உடம்பும் இருக்க வேண்டும். கண்ணை மூடி, மூச்சை விட்டு, திறந்து பார்த்தால் குறி டார்கெட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரைபிளைத் தள்ளக் கூடாது, உடம்பைத்தான் நகர்த்த வேண்டும். மூன்றாவது, வார் துப்பாக்கியையே வளைக்கும். அமெரிக்கர்களின் எம்-16ல் முன் வளையம் மெல்லிய குழலோடு சேர்ந்திருந்தது. வாரை இறுக்கினால் குழல் துளி வளைந்து குண்டு வேறிடத்துக்குப் போயிற்று. 1980களில் வந்த அடுத்த மாடலில் குழலின் முன்பகுதியைத் தடிமனாக்கினார்கள்.

இனி என் புகார். சர்வதேச விதிப்படி படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது ஒரு வார் அனுமதி. அகலம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. மேல்கையிலிருந்து ரைபிளின் முன்பகுதிக்கு மட்டும் போகலாம். படுத்த நிலையில் முன்கை தரையோடு குறைந்தது 30 டிகிரி கோணத்தில் நிமிர்ந்திருக்க வேண்டும். நின்று சுடும்போது வார் அறவே கூடாது. அதனால்தான் 2008ல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவின் கையில் வார் கிடையாது. அவருடையது 10 மீட்டர் ஏர் ரைபிள், முழுக்க நின்று சுடுவது. குசாலேயும் மூன்றாம் கட்டத்தில் வாரைக் கழற்றிவிட்டு நின்றார். முதல் இரண்டு கட்டம் முடிந்தபோது அவர் பதக்க இடத்தில் இல்லை. வாரில்லாமல் நின்று சுட்டுத்தான் மேலே ஏறி 451.4 புள்ளியில் வெண்கலம் வாங்கினார்.

விதியின் கருத்து எனக்கு இப்படிப் புரிகிறது. கிரீட்மூரில் சொந்தக் கால் செல்லும், மண் மூட்டை செல்லாது. வார் தரையைத் தொடுவதில்லை, எடை வேறெங்கும் இறங்குவதில்லை. சுடுகிறவனுடைய எலும்பில்தான் இறங்குகிறது. கட்டத் தெரியாதவனுக்கு வாரால் உபகாரம் ஒன்றுமில்லை, உபத்திரவம்தான். எங்கள் கல்லூரித் தேர்வுக்கென்று வாரைத் தடுக்கும் விதி எதுவும் அன்று வாசிக்கப்படவில்லை. அவன் ஏமாற்றவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். விதி தெரியாமல் சொன்னேன் என்று எழுதலாம். ஆனால் அந்த ரூபாய்க் காசு அளவைப் பார்த்த பிறகுதான் சொன்னேன். என் டார்கெட் சின்னதாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். மூட்டு வலி, கைத்தடி வைத்திருக்கிறான். காபி வந்தது. குசாலேயில் ஆரம்பித்துச் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன்.

"தெரியும்டா. ஹவில்தார் அன்னிக்கே சொல்லிட்டார், யார் சொன்னதுன்னு."

"அப்புறம் ஏண்டா என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"கேட்டு?"

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனாகவே சொன்னான். வீட்டில் அவன் அப்பா உலக்கையில் ஒரு தாம்புக் கயிற்றைக் கட்டிக் கொடுத்து, திண்ணையில் படுக்கவைத்துப் பழக்கினாராம். ஆறு மாசம், தினமும் சாயங்காலம். அம்மாவுக்கு மாவு இடிக்க வேண்டும் என்றால் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டுவானாம். தேர்வு நாள் ராத்திரி நடந்ததைச் சொன்னபோது அப்பா எதுவும் பேசவில்லையாம். "எந்திரிச்சுப் போய் உலக்கையிலேர்ந்து கயித்த அவுத்து, சுருட்டி, பரண் மேல போட்டுட்டார். அப்புறம் அதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல." பட்டாளத்தில் சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். அவன் சேரவில்லை. ரயில்வேக்குப் போனான்.

"தப்புதாண்டா" என்றேன்.

"சரி, இங்க வா, கீழ படு."

"என்னது?"

"ஆர்டிகிள் எழுதப் போறேங்கிறே. கட்டிப் பார்க்காம என்னத்த எழுதுவே? படு."

76 வயதில் ஒருத்தன் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்தான். அவன் தன் கைத்தடியை நீட்டினான். தோளில் கிடந்த துண்டை உருவி, ஒரு முனையைத் தடியின் முன்பக்கம் முடிந்து, மறுமுனையை என் இடது கையில் சுற்றி இறுக்கினான். முழங்கையைக் காலால் தள்ளி தடிக்கு நேர் கீழே கொண்டுவந்தான். எதிர்ச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர். தடி நுனியை அதில் ஒரு தேதிக்கு நேராக வைக்கச் சொன்னான். விரலை விரித்தேன். தடி விழவில்லை. ஆனால் நுனி அந்த எண்ணின் மேல் டக் டக்கென்று லேசாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். "நாடி மேல கட்டிட்டேன். இரு, இன்னும் கொஞ்சம் மேல ஏத்தணும்" என்று துண்டை அவிழ்க்க ஆரம்பித்தான்.